பயோபுளொக் தொட்டியில் மீனுக்கு வருத்தம் வராதாம், கரண்ட் போகிற ஊரில் நம்பி இறங்கலாமா?

விசுவமடுப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் விசுவமடுப் பக்கம். அரை ஏக்கர் காணி, ஒரு கட்டுக்கிணறு, பின்வளவில் மாரிக்கு நிரம்பி ஆவணிக்குள் சேறாகிப்போகிற ஒரு சின்ன மண் குளம். போன வருடம் மாசியில் அந்தக் குளத்தில் 800 திலாப்பியாக் குஞ்சு விட்டேன் (வீட்டில் இன்னும் யப்பான் மீன் என்றுதான் சொல்கிறோம்). சித்திரை வரை ஒரு பிரச்சினையும் இல்லை. வைகாசி, ஆனியில் வெயில் ஏறி, சோளகம் அடித்து, தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கின பிறகு ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கியது. சிலதுக்குக் கண் வெளியே பிதுங்கியிருந்தது, சிலது ஒரே இடத்தில் நின்று சுழன்றது, கனக்க மீனுக்கு வயிற்றடியில் சிவப்புப் புண். யாரோ சொன்னார் என்று ஆட்டுக்கு வாங்கி வைத்திருந்த குளிசையைக் கரைத்துத் தீனில் பூசிப் போட்டேன். அதுவும் சரிவரவில்லை. கடைசியில் பிடித்து விற்றது 90 கிலோ கூட வராது.

இப்போது கனடாவில் இருக்கிற அத்தான் யூடியூப்பில் பயோபுளொக் (தொட்டித் தண்ணீரில் பற்றீரியாவை வளர்த்து மீனின் கழிவைத் திரும்பத் தீனாக்குகிற முறை) வீடியோக்களைப் பார்த்துவிட்டு, தொட்டி போடு, நான் காசு அனுப்புகிறேன் என்று நிற்கிறார். தறப்பாள் தொட்டி, தண்ணீருக்குள் காற்று அடிக்கிற புளோவர், பக்கற்றில் வருகிற பற்றீரியாத் தூள் எல்லாம் சேர்த்து ஒரு பொதியாக விற்கிற ஆள் ஒருவரோடும் கதைத்தேன். தண்ணீர் மாற்றத் தேவையில்லை, தீன் பாதி காணும், மீன் இரண்டு மடங்கு வேகத்தில் வளரும், வருத்தமே வராது, ஒரு தொட்டிக்கு 2,000 குஞ்சு விடலாம் என்கிறார். இவ்வளவு நல்லதென்றால் ஏன் வன்னி முழுக்க இது இல்லை என்று எனக்கு ஒரு யோசனை.

உண்மையிலேயே செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள். வளர்ச்சியும் நோய் எதிர்ப்பும் கூடுமா? கரண்ட் போனால் என்ன நடக்கும்? இந்தக் காசுக்கு வேறு ஏதாவது செய்வது நல்லதா?

குளக்கட்டு:

தம்பி, நான் செட்டிகுளத்துக்குக் கிட்ட இரண்டு வட்டத் தொட்டி வைத்திருக்கிறேன், 4 மீற்றர் அகலம், ஒரு மீற்றர் தண்ணீர், அதாவது ஒரு தொட்டிக்கு ஏறத்தாழ 12,500 லீற்றர். நாலு வருடமாகிறது. இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டு வருடத்துக்கு முதல் புரட்டாதியில் ஒரு இரவு பதினொன்றரை போல கரண்ட் போனது. என்னிடம் ஜெனரேட்டர் இருந்தது, பெற்றோலும் இருந்தது. புளோவர் சத்தம் நின்றால் தானாக எழும்பிவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன், அதற்கு முதல் பல தடவை அப்படித்தான் எழும்பியிருக்கிறேன். அன்றைக்கு இடி மழை, தகரக் கூரையில் அடித்த சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணி தாண்டி நாய் குலைக்க எழும்பிப் போய் லைற் அடித்துப் பார்க்கிறேன், ஒரு தொட்டி முழுக்க வெள்ளை வயிறு. அந்தத் தொட்டியில் ஏறத்தாழ 110 கிலோ மீன், இன்னும் மூன்று கிழமையில் பிடிக்க இருந்தது. மற்றத் தொட்டியில் சின்னக் குஞ்சுகள்தான், அதில் ஐம்பது அறுபது தவிர மிச்சம் தப்பிவிட்டது. விடிந்ததும் அயலுக்கெல்லாம் சும்மா கொடுத்தேன், மிச்சத்தைத் தென்னைக்குத் தாட்டேன்.

ஏன் இவ்வளவு கெதியில் செத்தது என்றால், இந்தத் தண்ணீரில் மீன் மட்டும் மூச்சு விடுவதில்லை. அந்தப் பழுப்பு நிறத் துகள் முழுக்க உயிர்தான், அதுவும் இழுக்கும். மண் குளத்தில் மீனுக்கு ஒட்சிசன் குறைந்தால் விடியற்காலையில் வாயைப் பிளந்து மேலே வந்து உனக்குச் சொல்லும், ஓடிப்போய்த் தண்ணீர் அடிக்க நேரம் இருக்கும். நிரம்பின பயோபுளொக் தொட்டியில் காற்று நின்றால் உனக்குக் கிடைப்பது ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. இப்போது கரண்ட் போனவுடன் கத்துகிற ஒரு அலாரம் படுக்கைக்குத் தலைமாட்டில் இருக்கிறது, கார் பற்றரியில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்பு தானாகவே மாறி ஓடும், ஜெனரேட்டர் அதற்குப் பிறகு. அத்தான் அனுப்புகிற காசில் முதல் சாமான் அந்தப் பற்றரிதான், தொட்டி இல்லை.

அந்த விற்பனைக்காரர் சொன்ன 2,000 மீனை மறந்துவிடு. 12,500 லீற்றரில் ஒரு கன மீற்றருக்கு 10 கிலோ என்றால் 125 கிலோ, 300 கிராம் மீன் என்றால் நானூறு சொச்சம். கூட வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்தான், அவர்களிடம் சுத்தமான ஒட்சிசன் சிலிண்டரும் இரவுக்கு ஆளும் இருக்கும்.

கரண்ட் பில்லையும் யோசி. 150 வாற்று புளோவர் ஒன்று நாள் முழுக்க ஓடினால் 3.6 யூனிற், மாதம் 108. வீட்டு மீற்றரிலேயே போட்டால் வீட்டுப் பாவனையும் சேர்ந்து கட்டணம் கூடின மேல் படிக்கு ஏறிவிடும்.

முறிப்புக்காரன்:

நான் மீன் வாங்கி விற்கிற ஆள், வளர்க்கிற ஆள் இல்லை. ஒன்று கேட்கிறேன். இரணைமடுவில் இருந்தும் முத்தையன்கட்டில் இருந்தும் வவுனிக்குளத்தில் இருந்தும் யப்பான் மீன் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிற ஊரில், தீனும் கரண்டும் போட்டு வளர்த்த அதே மீனை யார் கூட விலைக்கு வாங்குவது? குளத்து மீனுக்குத் தீன் செலவு இல்லை. குளத்தில் பிடிக்கிறவன் வலையும் வள்ளமும் மட்டும்தான் பார்க்கிறான். அதோடு முல்லைத்தீவுக் கடல் மீன் வருகிற நாளில் குளத்து மீனையே ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தியாவில் சரிவருகிறது என்றால் அங்கே சந்தை வேறு. காசு அத்தானுடையது என்றபடியால் பரவாயில்லை, இதே விஷயத்தை நுண்கடன் எடுத்துச் செய்து தொட்டியையும் காதுத் தோட்டையும் விற்றவர்களை எனக்குத் தெரியும்.

நீர்மானி:

நான் மீன்பிடியியல் படித்தவள், இப்போது வேறு வேலை, ஆனாலும் இந்த விஷயத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மீன் தின்கிற தீனில் உள்ள நைதரசனில் நாலில் ஒரு பங்கு போலத்தான் மீனின் உடம்பில் தங்கும். மிச்சம் தண்ணீருக்குள் போகிறது, பெரும்பாலும் அமோனியாவாக. மண் குளத்தில் அதைப் பாசியும் சேறும் எடுத்துக்கொள்ளும். சின்ன இடத்தில் கனக்க மீன் வைத்தால் தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மீன் தன் கழிவிலேயே சாகும். பயோபுளொக்கின் தந்திரம் இவ்வளவுதான்: தண்ணீருக்குள் சீனி, மா, தவிடு மாதிரி ஏதாவது ஒரு மாப்பொருளைப் போட்டால், அதைத் தின்று பெருகுகிற பற்றீரியாவுக்குத் தன் உடம்பைக் கட்ட நைதரசன் தேவை, அது அமோனியாவை இழுத்துக்கொள்ளும். அந்தப் பற்றீரியா, பாசி, நுண்ணுயிர்கள், தீன் துகள் எல்லாம் திரண்டு மிதக்கிறதுதான் புளொக். திலாப்பியா வடித்துத் தின்னக்கூடிய மீன், ஆகவே கழிவு திரும்பப் புரதமாக அதன் வாய்க்குள் போகிறது. இஸ்ரேலைச் சேர்ந்த யோரம் அவ்னிமெலெக் காபனுக்கும் நைதரசனுக்கும் உள்ள விகிதத்தை வைத்து இதற்கு ஒரு கணக்கை 1999 இல் எழுதினார், இன்றைக்கும் எல்லாரும் அதைச் சுற்றித்தான் நிற்கிறார்கள்.

வளர்ச்சி கூடுமா என்றால், ஓம், ஆனால் "இரண்டு மடங்கு" என்பது விற்கிறவர் வாய். ஸ்கொட்லாந்தில் ஸ்டேர்லிங் பல்கலைக்கழகத்தில் திலாப்பியாவை வைத்துச் செய்து 2008 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பயோபுளொக் தொட்டியில் நிகர விளைச்சல் சாதாரணத் தொட்டியை விட 45 சதவீதம் கூட. அதை விட எனக்குப் பிடித்தது, 35 சதவீதப் புரதத் தீன் போட்ட தொட்டிக்கும் 24 சதவீதப் புரதத் தீன் போட்ட தொட்டிக்கும் வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை என்பது. அதாவது இலாபம் தீனைப் பாதியாக்குவதில் இல்லை, மலிவான தீன் காணும் என்பதில்தான். பாதி தீன் போட்டால் பாதி மீன்தான் வரும்.

இனி நோய். உங்கள் மீனுக்குக் கண் பிதுங்கி, சுழன்று நீந்தியது ஸ்ரெப்ரொகொக்கஸ் என்ற பற்றீரியாவின் வேலை மாதிரி இருக்கிறது. சிவப்புப் புண் ஏரோமோனாஸ் என்ற இன்னொரு பற்றீரியாவாக இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும் எப்போதும் தண்ணீரில் இருக்கக்கூடியவை. தண்ணீர் சூடேறி 30 பாகையைத் தாண்டி, அமோனியா கூடி, ஒட்சிசன் குறைந்து மீன் களைத்துப்போன நேரம் பார்த்து ஏறும். உங்கள் கதையில் வைகாசி ஆனி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

புளொக்கைத் தின்கிற மீனுக்கு எதிர்ப்பு கூடுவது கட்டுக்கதை இல்லை. பற்றீரியாவின் கலச்சுவரில் உள்ள சில பொருட்களும் பீற்றா குளுக்கானும் மீனின் இயல்பான பாதுகாப்பைச் சின்னதாகத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும், அப்படி வளர்ந்த மீனின் இரத்தத்தில் கிருமியை அழிக்கிற லைசோசைம் போன்றவை கூடுதலாக இருப்பதை அளந்திருக்கிறார்கள். புளொக்கில் உள்ள சில பற்றீரியாக்கள் உடம்புக்குள் கொழுப்புப் போல ஒரு பொருளைச் சேர்த்துவைக்கும், அது மீனின் குடலுக்குள் கெட்ட கிருமியை அடக்கும் என்றும் காட்டியிருக்கிறார்கள். இடமும் உணவும் ஏற்கெனவே மற்றப் பற்றீரியாக்களால் நிரம்பியிருப்பதால் நோய்க்கிருமிக்குக் குடியேறக் கஷ்டம். வெளித் தண்ணீர் குறைவாக உள்ளே வருவதால் வெளிக் கிருமியும் குறைவு.

ஆனால் இதெல்லாம் "குறைவாகச் சாகும்" என்பதுதான், "வருத்தமே வராது" இல்லை. குஞ்சோடு சேர்ந்து வருகிற ஒட்டுண்ணியைப் புளொக் ஒன்றும் செய்யாது. டிரைக்கோடைனா மாதிரிச் சிலதுக்கு அழுக்குக் கூடின தண்ணீர்தான் நல்ல வசதி. புளொக் தடித்துப்போனால் செவுளில் அடைத்து அதுவே வருத்தமாகும். அப்புறம் அந்த ஆட்டுக் குளிசை வேலை இங்கே வேண்டாம், அன்டிபயோற்றிக் போட்டால் மீனின் கிருமியோடு சேர்ந்து நீங்கள் வளர்த்த புளொக்கும் சாகும், அடுத்த நாள் அமோனியா ஏறும்.

விசுவமடுப் பொடியன்:

அக்கா, அண்ணை, பெரிய நன்றி. அந்த 110 கிலோக் கதையை வாசித்துவிட்டு இரவு நித்திரை வரவில்லை. அத்தானுக்கும் அனுப்பினேன், அவர் "அப்ப சோலர் போடுவம்" என்று ஒரு வரி மட்டும் எழுதியிருக்கிறார்.

கிணற்றுத் தண்ணீரைக் கிளிநொச்சியில் அலங்கார மீன் கடையில் வாங்கின துளிப் பெட்டியால் பார்த்தேன். பீ.எச். 7.6, அமோனியா இல்லை. கேத்தலில் வெள்ளைப் படை படிகிற தண்ணீர், சோப்பு நுரைக்காது. இது பிழையான தண்ணீரா? சீனி எவ்வளவு போடுவது என்று ஒவ்வொரு வீடியோவிலும் ஒவ்வொரு கணக்கு. மொலாசஸ் இங்கே கிடைப்பது கஷ்டம், பனங்கட்டி விலை தெரியும்தானே.

நீர்மானி:

பனங்கட்டியைத் தேத்தண்ணீரோடு கடியுங்கள், தொட்டிக்கு வேண்டாம்.

கேத்தலில் படை படிகிற தண்ணீர் இதற்கு நல்லது. அமோனியாவைத் தின்கிற பற்றீரியாக்கள் தண்ணீரின் காரத்தன்மையையும் (பீ.எச். விழாமல் தாங்கிப் பிடிக்கிற சக்தி) தின்றுகொண்டே போகும், மென்மையான தண்ணீரில் ஒரு மாதத்தில் பீ.எச். தடாரென்று விழும். உங்களுக்கு அந்தப் பயம் குறைவு. காரத்தன்மை லீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அப்பச்சோடா கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பை அள்ளிக் கொட்டாதீர்கள், பீ.எச். ஏறினால் அமோனியாவின் விஷம் ஏறும். 30 பாகைத் தண்ணீரில் பீ.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்குதான் விஷம், 8 என்றால் ஏழுக்கு மேல், 9 என்றால் நாற்பதைத் தாண்டும். ஒரே அளவு அமோனியாதான், ஒரு தொட்டியில் மீன் விளையாடும், மற்றதில் சாகும்.

சீனிக் கணக்கு கஷ்டமில்லை. 1 கிலோ தீனில் 30 சதவீதம் புரதம் என்றால் 300 கிராம். அதை 6.25 ஆல் பிரித்தால் 48 கிராம் நைதரசன். அதில் பாதி, 24 கிராம், அமோனியாவாகத் தண்ணீருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமுக்கு 20 கிராம் மாப்பொருள், ஆகவே 480 கிராம். சுருக்கமாக ஒரு கிலோ தீனுக்கு அரைக் கிலோ சீனியோ கோதுமை மாவோ மரவள்ளி மாவோ. மொலாசஸ் என்றால் பாதிதான் சர்க்கரை, ஒரு கிலோ போல வேண்டும். மா மெதுவாகக் கரையும், சீனி உடனே வேலை செய்யும். தினமும் மா, அவசரத்துக்குச் சீனி என்று வைத்தால் செலவு குறையும். அமோனியா திடீரென்று 2 மில்லிகிராமுக்கு ஏறினால் 12,500 லீற்றரில் அது 25 கிராம், 500 கிராம் சீனியைக் கரைத்து ஊற்றலாம். ஊற்றின பிறகு சில மணித்தியாலம் பற்றீரியா ஒட்சிசனைக் கடுமையாக இழுக்கும், ஆகவே காலையில்தான், புளோவர் நன்றாக ஓடும்போதுதான்.

இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு வேறு ஒரு கூட்டம் பற்றீரியாவும் குடிவரும், அது அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும், நைத்திரைற்று ஏறினால் மீனின் செவுள் பழுப்பாகி மூச்சு முட்டும். அதற்குப் பயப்படாமல் இருக்க உங்கள் ஊரிலேயே மருந்து இருக்கிறது, ஆனையிறவுக் கல்லுப்பு. தொட்டிக்கு 12, 13 கிலோ கரைத்துவிட்டால் லீற்றருக்கு ஒரு கிராம் வரும், உப்பில் உள்ள குளோரைட்டு நைத்திரைற்றைச் செவுளால் உள்ளே போக விடாது.

குளக்கட்டு:

அக்கா கணக்கைச் சொல்லிவிட்டா, நான் கை வேலையைச் சொல்கிறேன். பக்கற் பற்றீரியாவுக்குக் காசு கொட்டாதே. ஒரு 150 லீற்றர் பரலில் தண்ணீர், மீன் நன்றாக இருக்கிற குளத்து அடிமண் 3 கிலோ, ஒன்றரைக் கிராம் யூரியா, 30 கிராம் சீனி, காற்றை விட்டு இரண்டு நாள் வைத்தால் விதை தயார். உன் வருத்தம் பிடித்த குளத்து மண்ணை எடுத்துவிடாதே! தொட்டித் தண்ணீருக்குக் குளோரின் போட்டிருந்தால் இரண்டு மூன்று நாள் காற்று விட்டு அது போன பிறகுதான் விதையை ஊற்று. நான் முதல் தடவை அவசரப்பட்டு ஊற்றி, பத்து நாள் பச்சைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புளொக் அளக்கிற கூம்பு என்று ஒன்று விற்கிறார்கள். ஒரு லீற்றர் சோடாப் போத்தலை அடியை வெட்டித் தலைகீழாகக் கட்டி, பக்கத்தில் மில்லிலீற்றர் கோடு போட்டால் அதே வேலை. தண்ணீர் எடுத்து அரை மணித்தியாலம் அசையாமல் வை. அடியில் படிகிற புளொக் 10 இலிருந்து 25 மில்லிலீற்றர் வரை நல்லது. 40 ஐத் தாண்டினால் சீனியை நிறுத்து, நடுக்குழாயைத் திறந்து அடிச் சேற்றை விடு.

முறிப்புக்காரன் சொன்னதில் பாதி சரி. நான் சந்தைக்குப் பெட்டியில் கொண்டுபோனால் குளத்து மீன் விலைதான். வளவிலேயே உயிரோடு விற்றால் கூடக் கிடைக்கிறது, கொழும்பில் இருந்து வருகிற சொந்தக்காரர், ஏ9 வீதிச் சாப்பாட்டுக்கடை ஒன்று, இவர்கள்தான். ஆனால் பிடிக்க முதல் மூன்று நாலு நாள் சுத்தமான தண்ணீரில் தீன் இல்லாமல் விட வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் சேறு மணக்கும். இப்படி விற்று மாதம் எவ்வளவு என்று கேட்காதே, இரண்டு தொட்டியில் வாழ முடியாது. வயலும் இருக்கிறபடியால்தான் நிற்கிறேன்.

மாங்குளத்தான்:

பிள்ளைகள் எழுதினதை எல்லாம் வாசித்தேன். நான் நன்னீர் மீனவர் சங்கம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறவன். பயோபுளொக் தெரியாது, ஆனால் குஞ்சு தெரியும்.

எங்கள் பக்கத்துச் சின்னக் குளங்கள் கார்த்திகை, மார்கழியில் நிரம்பும், வான் பாய்ந்து (மிஞ்சின தண்ணீர் வழிந்து) அடங்கினதும் குஞ்சு விட வேண்டும். ஆடி, ஆவணியில் வற்றும்போது பிடிப்போம். கையில் இருப்பது ஏழு எட்டு மாதம். அந்த நேரத்தில் எல்லாச் சங்கமும் ஒரே நேரத்தில் குஞ்சு கேட்கும், நக்டாவிடம் (அரசாங்கத்தின் நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபை) முன்கூட்டிச் சொல்லிவைத்தாலும் சில வருடம் மாசி, பங்குனிக்குத்தான் கைக்கு வரும், அதுவும் விரல் நகமளவு. விட்டால் பாதியை விரால் தின்னும், மிச்சத்தை நீர்க்காகம் தின்னும். தப்பினது வளரக் காலம் இல்லாமல் சின்னதிலேயே பிடிபடும். விரல் நீளக் குஞ்சு மார்கழிக் கடைசியில் கிடைத்தால் நாங்கள் விலை கேட்க மாட்டோம்.

தம்பி, உன்னுடைய மீனும் அப்படித்தான் செத்தது. மாசியில் நகமளவு குஞ்சு விட்டால் வெயில் வரும்போது அது இன்னும் பிஞ்சு. தைக்குள் விரல் நீளக் குஞ்சு விட்டிருந்தால் வைகாசி பிறக்க முதல் பிடித்து விற்றுவிட்டு நீ குளத்தைக் காயவிட்டிருப்பாய்.

தொட்டியில் பெரிய மீன் வளர்க்கிறதை விட்டுவிட்டு, குஞ்சை நகத்தில் இருந்து விரலுக்கு வளர்க்க இந்தத் தொட்டி சரிவருமா என்று அந்தப் பிள்ளை சொல்லட்டும்.

நீர்மானி:

ஐயா, இந்தத் திரியில் இதுவரை வந்ததில் நல்ல கேள்வி இதுதான். சரிவரும், பெரிய மீனை விட நன்றாகச் சரிவரும். குஞ்சுக்கு வயிறு சின்னது, அடிக்கடி தின்ன வேண்டும். புளொக் இருபத்திநாலு மணித்தியாலமும் வாய்க்கு முன்னால் மிதக்கிறது, நாங்கள் நித்திரை கொள்ளும்போதும் அது தின்னும். நோய் எதிர்ப்பு விஷயத்திலும் குஞ்சுப் பருவத்தில்தான் தெளிவான சான்று இருக்கிறது. இந்தோனேசியாவில் செய்து 2015 இல் வந்த ஆய்வு ஒன்றில், பயோபுளொக்கில் வைத்த திலாப்பியாத் தாய் மீன்களின் குஞ்சுகள் கூடத் தப்பின, ஸ்ரெப்ரொகொக்கஸ் கிருமியை வேண்டுமென்றே ஏற்றிப் பார்த்தபோதும் குறைவாகத்தான் செத்தன.

கரண்ட் போனால் என்ன என்ற கணக்கையும் பாருங்கள். 2,500 குஞ்சு தலைக்கு 10 கிராமுக்கு வந்தால் 25 கிலோ. அதே தொட்டியில் ஒரு கன மீற்றருக்கு 2 கிலோ. குளக்கட்டு அண்ணையின் மற்றத் தொட்டி அன்றைக்குத் தப்பியதும் இதனால்தான். பற்றரி வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் எழும்பி ஓட நேரம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை, குஞ்சுத் தீனில் புரதம் 40 சதவீதம் வரை இருக்கும், அப்போது ஒரு கிலோவுக்கு மா 640 கிராம் போல வேண்டும், 480 காணாது. திலாப்பியா தவிர சாதாக் கெண்டை, ரோகு குஞ்சுகளும் இதில் வளரும். விராலுக்கு இது சரிவராது, அதற்குப் புளொக் உணவில்லை, பக்கத்தில் நிற்கிற தம்பிதான் உணவு.

முறிப்புக்காரன்:

இது கொஞ்சம் ஏறுகிற கதை. குஞ்சை வாங்குகிறவன் சங்கம், காசு கையில். ஆனால் மழை பிந்தினால்? குளம் நிரம்பாத வருடம் 2,500 குஞ்சை என்ன செய்வது?

மாங்குளத்தான்:

மழை பிந்தினால் பெரிய குளங்கள் இருக்கின்றன, அங்கே எப்போதும் கேட்பார்கள். ஒன்றுமே பெய்யாவிட்டால் நாங்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் இருப்போம், அவன் மட்டும் இல்லை.

விசுவமடுப் பொடியன்:

சரி, முடிவு எடுத்துவிட்டேன். ஒரே ஒரு தொட்டி. பொதி விற்கிறவரிடம் தறப்பாளும் கம்பி வலையும் மட்டும் வாங்கப் போகிறேன், பற்றீரியாத் தூள் வேண்டாம் என்று சொன்னதும் அவருக்கு முகம் மாறிவிட்டது. நக்டா அலுவலரைப் போன கிழமை சந்தித்தேன், புரட்டாதிக் கடைசிக்கு 2,500 சின்னக் குஞ்சுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அனுமதி விஷயமும் கேட்டேன், படிவம் தந்திருக்கிறார்கள். 500 குஞ்சு என் மண் குளத்துக்கு, மிச்சத்துக்கு மாங்குளத்து ஐயா தன் சங்கத்தோடு கதைப்பதாகச் சொல்லியிருக்கிறார். சோலர் வேண்டாம், பற்றரியும் அலாரமும் காணும் என்று அத்தானுக்கு விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் போனது.

கடைசியாக ஒன்று. தொட்டிக்குக் கூரை வேண்டுமா? மாரிக்குள்தானே வளர்க்கப் போகிறேன். கிணற்றடியில் வைக்க நினைக்கிறேன், தண்ணீர் அடிக்க வசதி.

குளக்கட்டு:

கூரை கட்டாயம் வேண்டும், வெயிலுக்கு இல்லை, மழைக்கு. ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் பெய்கிற மழை தொட்டியை நிரப்பி வழியவிட்டால் நீ ஒரு மாதம் வளர்த்த புளொக்கும் அதோடு போகும், மிச்சத் தண்ணீரின் காரத்தன்மையும் இறங்கும். குளிரும் ஒரு பிரச்சினை. 2022 மார்கழியில் அந்தக் குளிர்காற்றுக்கு மாடுகள் செத்ததே, அந்தக் கிழமை என் தொட்டியில் மீன் தீனைத் தொடவே இல்லை, பற்றீரியாவும் சோர்ந்துபோய் அமோனியா ஏறியது. அப்படி ஒரு குளிர் வந்தால் தீனை நிறுத்து, மீன் இரண்டு நாள் பட்டினி கிடந்து சாகாது. வாடைக் காற்று அடிக்கிற பக்கத்துக்கு ஒரு தறப்பாளைத் தொங்கவிடு, மேலே கொக்குக்கு வலை.

கிணற்றடியில் வைக்காதே. நடுக்குழாயால் விடுகிற சேற்றுத் தண்ணீர் முழுக்க நைதரசன், மண்ணுக்குள்ளால் இறங்கி நீ குடிக்கிற கிணற்றுக்குத்தான் போகும். தொட்டியைக் காணியின் பள்ளப் பக்கம் வை, கிணற்றில் இருந்து தண்ணீருக்குக் குழாய் இழு, சேற்றுக்கு வாய்க்கால் வெட்டி வாழைக்கு விடு. என் இதரை வாழை இப்போது தொட்டியை விட நன்றாக ஓடுகிறது.